மைக் செட் பெட்டிக்குள் தூங்கும் கிடார் சத்தம்! - பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் கொடுப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் பந்தல்கால் ஊன்றிய கையோடு 'ரேடியோ செட்'டும் வந்து இறங்கிவிடும். வேப்பமரத்து உச்சிக் கிளையில் குழாயைக் கட்டி, முதல் பக்திப் பாட்டு ஓடத் தொடங்கினால்தான் அது விசேஷ வீடு என்று ஊருக்குத் தெரியும். போடி, தேவாரம், கோம்பை, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊருக்கு ஊர் மைக் செட் கடைகள் இருந்தன. வீரபாண்டி சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் அந்தக் கடைக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது.

அந்தக் கடைகளில் மேஜை நடுவே ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். மேல்மூடியில் காற்றுத் துளைகள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் கண்ணாடிக் குமிழ்கள். சுவிட்சைப் போட்டு, கால் நிமிடம் அரை நிமிடம் காத்திருந்தால்தான் சத்தம் வரும். அதுதான் வால்வு ஆம்ப்ளிஃபயர்.

எடை குறைந்த, சூடாகாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்ததும் இந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. பரணில் இருந்து இப்போது காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. அவ்வளவுதான் அதன் மதிப்பு என்று நினைக்கிறோம். ஆனால், உலகம் முழுக்க கிடார் வாசிப்பவர்கள் காசைக் கொட்டி வாங்குவது இதே தொழில்நுட்பத்தைத்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், ஆர்வக்கோளாறில் பிளக்கைச் சொருகும் முன் படித்துவிடுங்கள்!

ரேடியோ கடையில் பிறந்த கிடார் ஆம்ப்

மைக் செட்டுக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டும் ஒரே தொழிலின் பிள்ளைகள்.

கிடார் உலகின் மிகப்பெரிய பெயர்களில் ஒன்று ஃபெண்டர். அதைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். ரேடியோவைச் சரிசெய்வதோடு, கூட்டங்களுக்கு மைக் செட் செய்து வாடகைக்கும் விட்டார். நம்மூர் கடைக்காரர்கள் செய்த அதே வேலை. கடைசிவரை அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

லண்டனில் டிரம்ஸ் வாத்தியாராக இருந்த ஜிம் மார்ஷல், தன் இசைக்கருவிக் கடைக்கு வந்த இளைஞர்களுக்காக 1962-ல் ஓர் ஆம்ப் உருவாக்கினார். ஃபெண்டரின் 'பேஸ்மேன்' ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பின்பற்றியே அது அமைந்தது. பின்னாளில் ராக் இசையின் அடையாளமாகவே மாறிய 'மார்ஷல்' பிறந்தது இப்படித்தான். பீட்டில்ஸ் குழு பயன்படுத்திய 'வாக்ஸ் ஏசி30' ஆம்ப்பில் ஒலியைப் பெருக்கித் தந்தவை நான்கு 'இஎல்84' வால்வுகள். அதே இஎல்84 வகையை இந்தியாவில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தயாரித்தது. 'பெல்' என்ற முத்திரையோடு நம் நாட்டு ரேடியோக்களில் உட்கார்ந்து பாட்டுப் பாடிய வால்வு அது.

பண்ணைப்புரத்துக் காதுகள்

இந்தப் பள்ளத்தாக்குக்கும் இசைக்குமான உறவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உத்தமபாளையம் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் இருந்து புறப்பட்ட பாவலர் வரதராசனும் அவருடைய தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். திறந்தவெளியில் ஆயிரம் பேருக்குப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் மைக் செட் இல்லாமல் முடியாது. அன்றைய மைக் செட் என்றால் வால்வுதான். மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு, பேட்டரியில் ஓடும் வால்வு செட்டுகள் இருந்தன.

அந்தத் தம்பிகளில் ஒருவரான இளையராஜா, 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போனார். திரையிசைக்குள் அவர் நுழைந்தது கிடாரும் கையுமாகத்தான். சலீல் சௌத்ரி போன்றவர்களின் இசைக்குழுவில் கிடார் வாசித்தார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, அந்தப் பாடல்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இதே குழாய்கள்தாம்.

ஆக, பரணில் கிடக்கும் அந்தப் பெட்டி ஊரின் ஒலி வரலாற்றில் ஒரு துண்டு. அதை மறுபடி பாடவைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும்.

வால்வு என்பது ஒரு மதகு

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஊர்க்காரர்களுக்கு வால்வைப் புரியவைப்பது சுலபம். மதகுப் பலகையை ஏற்றி இறக்கச் சின்ன பலம் போதும். ஆனால், அந்தச் சின்ன அசைவுக்கு ஏற்ப வாய்க்காலில் பாயும் தண்ணீர் பெரிதாகக் கூடும், குறையும்.

வால்வுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நடுவில் இருக்கும் உலோகக் குழல் சூடேறி எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. நாம் பார்க்கும் ஆரஞ்சு வெளிச்சம் அதைச் சூடாக்கும் இழையுடையது. அதற்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் போதும். வெளியே சுற்றியிருக்கும் தகட்டில் 250 முதல் 400 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். எலெக்ட்ரான்கள் அந்தத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் மெல்லிய கம்பிச் சுருளாக ஒரு 'கிரிட்'. அதுதான் மதகுப் பலகை. மைக்கோ கிடாரோ தரும் சின்ன மின்னலைகள் அந்தப் பலகையை ஆட்ட, பெரிய ஓட்டம் அதே தாளத்தில் ஆடுகிறது. லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1906-ல் கிரிட்டைச் சேர்த்த பிறகுதான் 'ஒலியைப் பெருக்குவது' என்பதே சாத்தியமானது.

கிடார்காரர்கள் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள்? டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால், அலையின் உச்சி கத்தியால் வெட்டியதுபோல நறுக்கென்று வெட்டுப்படும், காதில் குத்தும். வால்வில் அந்த உச்சி மெதுவாக உருண்டு மழுங்கும். மெல்ல வாசித்தால் தெளிவாகவும், அழுத்தி வாசித்தால் கரகரப்பான கனத்தோடும் வரும். வால்யூமைத் தொடாமல், விரல் பலத்தாலேயே குரலை மாற்றலாம். மைக் செட்காரர் 'சத்தம் உடையுது' என்று திட்டிய அதே விஷயம், கிடார்காரருக்குத் தேனாக இனிக்கிறது!

முதல் விதி: பிளக்கைச் சொருகாதீர்கள்

இருபது, முப்பது வருஷம் தூங்கிய பெட்டியை 'ஓடுதானு பார்ப்போம்' என்று நேராக மின்சாரத்தில் சொருகுவதுதான் பலரும் செய்யும் காரியம். பெட்டி அதோடு செத்துப்போகலாம். கை வைப்பவருக்கும் ஆபத்து.

உள்ளே 'ஃபில்டர் கண்டென்சர்' என்ற உருளைகள் இருக்கும். மின்சாரத்தைத் தேக்கி, சீராக்கித் தருவது அவற்றின் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். உயிரைப் பறிக்க அது போதும். அதனால், வால்வு வேலை தெரிந்தவர்கள் மூடியைக் கழற்றியதும் முதலில் செய்வது, தகுந்த ரெசிஸ்டர் ஒன்றின் வழியே அந்தத் தேக்கத்தை மெதுவாக வடிப்பது. பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் பூஜ்ஜியத்துக்கு அருகே வந்துவிட்டதா என்று பார்ப்பது. அதன் பிறகுதான் கை உள்ளே போகும். ஓடும் பெட்டியில் அளவெடுக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதுதான் காரணம்.

கீழே வருவதை நீங்களே செய்துபார்க்கச் சொல்லவில்லை. மின் வேலை பழகாதவர்கள் துடைப்பது, படம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, வால்வு ரேடியோ பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

படிப்படியாக உயிர் வரும் விதம்

சுத்தம்: முதலில் எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது, எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தூசு, ஒட்டடை, குளவிக்கூடு எல்லாம் போகவேண்டும். ஈரத்துணி கூடாது. வால்வின் மேல் அச்சடித்த எழுத்து தேய்த்தால் அழிந்துவிடும். அதைத் தொடாமல் துடைக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர்: பெட்டியின் எடையில் பெரும்பங்கும் மதிப்பில் பெரும்பங்கும் இங்கேதான். கரன்ட் வாங்குவது ஒன்று, ஸ்பீக்கருக்கு அனுப்பும் 'அவுட்புட்' இன்னொன்று. இரண்டிலும் காயில் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் திரும்பச் சுற்றலாம். ஆனால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுற்றுகளும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். பிரிக்கும்போதே வரிசையையும் சுற்று எண்ணிக்கையையும் எழுதிவைத்து, அதேபோலச் சுற்றத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதுபோல நினைத்துவிடக் கூடாது.

மின்வயர், ஃபியூஸ்: பழைய பெட்டிகளில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை இரும்புச் சட்டத்தோடு உறுதியாக இணைக்க வேண்டும். மெட்டல் தந்தியுள்ள கிடாரைக் கையில் பிடிப்பவருக்கு இதுதான் உயிர்க்காப்பு. ஃபியூஸையும் பாருங்கள். அவசரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கிவிட்ட ஃபியூஸாக இருக்க வாய்ப்பு அதிகம்!

கண்டென்சர்: மனிதர்களுக்கு மூட்டு தேய்வதுபோல, வால்வு பெட்டியில் தேய்வது கண்டென்சர்தான். ஃபில்டர் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் காலப்போக்கில் காய்ந்துபோகும். ஒரு வால்வில் இருந்து அடுத்த வால்வுக்கு ஒலியைக் கடத்தும் காகிதக் கண்டென்சர்கள் ஈரம் குடித்துக் கசியும். கசிந்தால், வரக்கூடாத வோல்ட் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போய், தகடு செக்கச்செவேலென்று பழுத்துவிடும். அதனால் இந்த இரண்டு வகையையும் யோசிக்காமல் மாற்றிவிடுவது நல்லது. பழைய உருளையைத் தோற்றத்துக்காக இடத்திலேயே விட்டு, இணைப்பைத் துண்டித்து, புதியதை அடியில் மறைத்துப் பொருத்துபவர்களும் உண்டு.

ரெசிஸ்டர், வால்யூம், குழிகள்: பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு கூடிக்கொண்டே போகும். அளந்து பார்த்து, ரொம்ப விலகியதை மட்டும் மாற்றினால் போதும். திருகும்போது கரகரவென்று சத்தம் போடும் வால்யூம் கன்ட்ரோலுக்கும், வால்வு உட்காரும் குழிகளுக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதுமானது.

சீரிஸ் பல்பு: எல்லாம் முடிந்ததும் கரன்ட் கொடுக்கும் நேரம். அப்போதும் நேராகக் கொடுப்பதில்லை. பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் போட்டு, அதன் வழியாகக் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பெட்டி புகையாமல் பல்பு காப்பாற்றிவிட்டது என்று அர்த்தம். முதலில் வால்வே இல்லாமல், பிறகு வால்வுகளைப் போட்டு என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது.

சத்தமே நோயைச் சொல்லும்

உயிர் வந்த பெட்டி தன் குறையைத் தானே சொல்லும். 'கொர்ர்' என்று கனத்த உறுமல் தொடர்ந்து வந்தால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது அழுக்கு. வால்வை மரக்குச்சியால் லேசாகத் தட்டும்போது 'டிங்' என்று ஸ்பீக்கரில் கேட்டால், அந்த வால்வின் உள்பாகங்கள் தளர்ந்திருக்கின்றன. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.

இந்த வெள்ளிப் பூச்சு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 'பழைய ரேடியோ வால்வுக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும்' என்ற வதந்தி போன்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரேடியோவிலும் ஆம்ப்பிலும் இருக்கும் சாதாரண வால்வுக்குள் இருப்பது வெற்றிடம். மினுங்கும் பூச்சு, மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காகப் பூசப்பட்ட பேரியம். யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கிடாரை எங்கே சொருகுவது?

மைக் செட் ஆம்ப்பில் மைக்குக்கு ஒன்று, ரெக்கார்டு பிளேயருக்கு ஒன்று என்று தனித்தனி வழிகள் இருக்கும். எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப், தன்னிடம் இருந்து அதிகம் உறிஞ்சாத உள்வழியையே விரும்பும். கிடார் ஆம்ப்புகளில் அது ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். சில மைக் வழிகளில் இது மிகக் குறைவு என்பதால் சத்தம் மங்கலாக வரும். ரெக்கார்டு பிளேயர் வழியில் போட்டுப் பார்க்கலாம், அல்லது மைக் வழியின் முதல் வால்வில் சிறு மாற்றம் செய்யலாம். எந்த மாற்றமும் பின்னால் வருபவர் பழையபடி திருப்பக்கூடியதாக இருப்பது நல்லது. பெட்டியில் புதிதாக ஓட்டை போடாதீர்கள்.

பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்றும், 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கும். வோல்ட் என்று எழுதியவை, நீண்ட வயர் இழுத்துப் பல குழாய்களை மாட்டுவதற்கு. கிடாருக்கான 12 அங்குல ஸ்பீக்கரை அதன் ஓம் எண்ணுக்குரிய முனையில் மட்டும் மாட்ட வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம், ஸ்பீக்கரே மாட்டாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. டிரான்சிஸ்டர் பெட்டி இதைத் தாங்கும். வால்வு பெட்டியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்ட் எகிறி, தீப்பொறி பறந்து, காயில் கருகிவிடும்.

முப்பது வாட்தானே என்று நினைக்காதீர்கள். வால்வில் முப்பது வாட் என்றால், டிரம்ஸ் வாசிப்பவரோடு சரிக்குச் சரி நிற்கும். கூடத்தில் வைத்து முழு வால்யூம் வைத்தால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்கிற 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 6எல்6, இஎல்34, இஎல்84, இசிசி83 போன்ற வகைகளை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் உள்ள தொழிற்சாலைகள் இன்றும் தயாரிக்கின்றன. அவற்றை வாங்குபவர்களில் பெரும்பகுதி கிடார்காரர்கள். 2022 மார்ச்சில் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி நின்றுபோகும் என்ற செய்தி வந்தபோது, உலகம் முழுக்க கிடார்காரர்கள் பதறிப்போய் வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது.

அதனால், பெட்டியில் இருக்கும் பழைய வால்வுகளை அவசரப்பட்டுத் தூக்கிப்போட வேண்டாம். சின்ன வால்வுகள் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கக்கூடியவை. முப்பது வருஷம் சும்மா இருந்த வால்வுக்கு வயது ஏறியிருக்காது. சோதித்துப் பார்த்து, உண்மையிலேயே செத்ததை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பழைய பாகங்களையும் ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு வைத்திருங்கள். அடுத்து வேலை பார்ப்பவருக்கு அதுவே கையேடு.

பரணில் இருந்து இறக்கும் முன்...

வால்வுகூடக் கடையில் கிடைத்துவிடும். கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது அதைத் தொட்டுப் பழகிய கைகள். வால்வு செட்டில் தொழில் கற்றவர்களில் பலர் இன்று தாத்தாக்கள். சத்தத்தைக் கேட்டே 'அந்த ரெண்டாவது கண்டென்சரைப் பாருப்பா' என்று சொல்லக்கூடியவர்கள். இன்னொரு பக்கம், யூடியூப் பார்த்து கிடார் பழகி, கம்ப்யூட்டரில் வால்வு சத்தத்தைப் போலி செய்யும் ஆப் தேடும் பேரன் பேத்திகள். அந்தத் தாத்தாவுக்கு கிடார் தெரியாது, இந்தப் பேரனுக்கு சால்டரிங் தெரியாது. ஒரு பழைய பெட்டி இந்த இருவரையும் ஒரு மேஜையில் உட்காரவைக்கும்.

உங்கள் வீட்டிலோ, ஊர் மைக் செட் கடை மூலையிலோ அப்படியொரு பெட்டி கண்ணில் பட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். பிளக்கைச் சொருகாமல் ஒரு படம் எடுங்கள். அது எந்த வருஷம், யார் வாங்கியது, எந்தத் திருவிழாவில் பாடியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். பிறகு, வால்வு தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் வேலை பார்க்கும்போது, கிடார் வாசிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.